கையால் தைத்த கில்ட்: ஆர்டர் கொடுக்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடையான கில்ட்டைத் தைக்கக் கொடுப்பவர்களில் பலர், டார்ட்டன் எனப்படும் வண்ணக் கட்டத்தைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் மெனக்கெடுவார்கள். அளவெடுப்பதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். நேர்மாறாக நடக்க வேண்டிய வேலை இது. நிறம் மனதுக்குக் கொஞ்சம் ஒட்டாவிட்டாலும் பழகிவிடும். முழங்காலுக்குக் கீழே இறங்கிய கில்ட் பழகாது. அதை எளிதில் ஏற்றவும் முடியாது.

காரணம் அதன் கட்டுமானம். கில்ட்டின் கீழ் ஓரம் மடித்துத் தைத்ததல்ல. தறியிலேயே முடிந்த நெய்த ஓரம்தான் அங்கே அப்படியே தொங்குகிறது. பேன்ட்டைப் போலக் கீழே வெட்டி மடிக்க வழியில்லை. உயரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் இடுப்புப் பட்டி, லைனிங், வார்கள் எல்லாவற்றையும் பிரித்து, பின்பக்க மடிப்புத் தையலையும் மாற்ற வேண்டும். ஏறக்குறைய மறுபடி தைப்பதுதான். பக்கிளை நகர்த்துவது, வாரை மாற்றுவது, லைனிங்கைப் புதுப்பிப்பது எல்லாம் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். துணி, உயரம், சீட் அளவு (புட்டத்தின் சுற்றளவு), மடிப்பு முறை, முன்பக்க நடுக்கோடு ஆகிய ஐந்தும் ஆர்டர் தாளில் எழுதும்போதே முடிந்துபோகும்.

தையற்காரரிடம் பேசுவதற்குச் சில பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். முன்புறம் மடிப்பில்லாமல் தட்டையாக இருப்பது ஏப்ரன். வெளியே தெரிவது மேல் ஏப்ரன், அதன் அடியில் மறைவது உள் ஏப்ரன். மேல் ஏப்ரனின் விளிம்பு, அணிபவரின் வலப்பக்கம் குஞ்சத்தோடு முடியும். பின்புறம் முழுக்க மடிப்புகள். இடுப்பிலிருந்து புட்டத்தின் அகலமான இடம்வரை அவற்றை ஒன்றோடொன்று தைத்திருப்பார்கள். அந்தப் பகுதிக்கு ஃபெல் என்று பெயர். அதற்குக் கீழே மடிப்புகள் கட்டின்றி ஆடும். டார்ட்டன் கட்டத்தின் முழு வரிசை ஒருமுறை வந்து முடியும் நீளத்துக்கு செட் என்று பெயர். இந்த செட் அளவுதான் பிற்பாடு எல்லாக் கணக்கையும் நிர்ணயிக்கும்.

எட்டுக் கெஜம் கட்டாயமா?

பாரம்பரியக் கில்ட் என்றதும் எட்டுக் கெஜம் என்று சொல்லிவிடுவார்கள். இது 7.3 மீட்டர். ஆனால் வரலாற்றில் பழையது எட்டுக் கெஜம் அல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தைத்து இன்று எஞ்சியிருக்கும் கில்ட்டுகள் நாலு கெஜத்துக்கு அருகில்தான் இருக்கின்றன. மடிப்பும் நம் பள்ளிச் சீருடைப் பாவாடையில் இருக்கும் பாக்ஸ் பிளீட் போன்றது. ஒரே பக்கமாகச் சாயும் நைஃப் பிளீட் 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் ராணுவத்தில் இடம் பிடித்தது. அதன்பிறகு துணியின் அளவு ஏறிக்கொண்டே போனது. ஆகவே நாலு கெஜ பாக்ஸ் பிளீட் கில்ட்டை யாராவது சிக்கனப் பதிப்பு என்று சொன்னால் நம்ப வேண்டாம். எடை குறைவு, வெயிலுக்கு ஏற்றது, தைப்பவருக்கும் தனித் திறமை வேண்டும். எல்லாத் தையற்காரரும் அதை எடுத்துக்கொள்வதில்லை. எடுப்பவரிடம் அவர் முன்பு தைத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.

எட்டுக் கெஜம் என்று நீங்கள் வாங்கும் துணி பெரும்பாலும் நாலு கெஜ இரட்டை அகலத் துணிதான். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலத்தில் வரும் அதை நெடுக்கே இரண்டாகப் பிரித்து, முனையோடு முனை சேர்த்து, இணைப்பை ஒரு மடிப்பின் உள்ளே ஒளித்துவிடுவார்கள். இணைப்பு வெளியே தெரியவே கூடாது.

உங்களுக்கு உண்மையில் எவ்வளவு துணி தேவை என்பதைத் தோராயமாக நீங்களே போட்டுப் பார்க்கலாம். சீட் அளவு 40 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்க ஏப்ரனுக்கு 19, பின்பக்க மடிப்புகளுக்கு 21. ஒவ்வொரு மடிப்பும் வெளியே 7/8 அங்குலம் தெரிந்தால் 24 மடிப்புகள். செட் 7 அங்குலம் என்றால், ஒவ்வொரு மடிப்பிலும் அதே கோடு வரும்படி மடிக்க மடிப்புக்கு 7 அங்குலம் போகும்: 168 அங்குலம். பின்பக்கத்திலும் முழுக் கட்டம் தொடர்ந்து தெரியும்படி மடித்தால் மடிப்புக்கு 7 7/8 அங்குலம்: 189. இரண்டு ஏப்ரன்கள், அவற்றின் ஓரத்தில் வரும் ஆழ மடிப்புகள், கீழ்நோக்கி விரியும் அகலம் எல்லாவற்றுக்கும் இன்னொரு 70. ஆக முதல் முறையில் 238 அங்குலம், இரண்டாவதில் 259. கெஜத்தில் சுமார் 6.6, 7.2.

இதே ஆளுக்கு செட் 5 அங்குலமாக இருந்தால் இரண்டாவது முறையிலும் ஆறு கெஜத்துக்குள் முடிந்துவிடும். எட்டுக் கெஜமே வேண்டுமென்று அடம்பிடித்தால் மடிப்புகளை மிக ஒடுக்கமாக்க வேண்டும், அல்லது ஒரு மடிப்புக்கு இரண்டு செட் திணிக்க வேண்டும். பின்பக்கம் மெத்தை கட்டியதுபோலாகிவிடும். நல்ல தையற்காரர் உங்கள் உடம்பையும் செட் அளவையும் கேட்ட பிறகுதான் கெஜம் சொல்வார். கேட்காமலே எட்டு என்பவரிடம் ஏன் எட்டு என்று கேளுங்கள்.

துணி

வொர்ஸ்டட் (சீவி முறுக்கிய) கம்பளி நூலில் நெய்த ட்வில் (சாய்வரி நெசவு) துணி என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அக்ரிலிக் துணியில் மடிப்பு நிற்காது. எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் சுற்றுலாக் கடைகளில் தொங்கும் மலிவான கில்ட்டுகள் பெரும்பாலும் அந்த வகை. ஒரு மாலைக்கு உடுத்தப் போதும், அதைக் கைவேலையோடு ஒப்பிடக் கூடாது. பாலியெஸ்டர் விஸ்கோஸ் துணியைத் துவைக்கலாம், வியர்வையில் ஆடும் விளையாட்டுக்காரருக்கு உதவும். ஆனால் கைத்தையலுக்குக் கொடுக்கும் கூலியை அந்தத் துணியில் போடுவது வீண்.

எடையை அவுன்ஸில் சொல்வார்கள், ஒரு கெஜத் துணியின் எடை. 10, 11 அவுன்ஸ் மெல்லியது, 13 நடுத்தரம், 16 கனம். ராணுவத் துணி அதற்கும் மேலே. 16 அவுன்ஸ் இரட்டை அகலத்தில் நாலு கெஜம் என்றால் 64 அவுன்ஸ், அதாவது 1.8 கிலோ, 13 அவுன்ஸில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முந்நூறு கிராம் வித்தியாசத்துக்காக மெல்லியதற்கு இறங்குபவர்கள் பிறகு வருந்துவார்கள்: கனத்த துணி தன் எடையிலேயே மடிப்பை இழுத்துப் பிடிக்கிறது, காற்றில் பறக்காது, உட்கார்ந்து எழுந்தால் தானாக விழுந்து நேராகிறது. மெல்லிய துணியை ஒவ்வொரு முறையும் இஸ்திரி போட வேண்டியிருக்கும். வெயில் நாட்டில் உடுத்துவதற்கென்றால் 13 நியாயமான சமரசம். 10க்கு இறங்குவதைவிட நாலு கெஜ பாக்ஸ் பிளீட்டுக்குப் போவது மேல்.

ஒரே டார்ட்டனை வெவ்வேறு ஆலைகள் வெவ்வேறு செட் அளவிலும் சாயத்திலும் நெய்கின்றன. செல்கர்க்கில் உள்ள லாக்கரன், யார்க்ஷயரில் உள்ள மார்ட்டன் மில்ஸ் போன்றவை ஒரே பெயரில் தரும் துணிகளைப் பக்கத்தில் வைத்தால் பச்சை வேறாக இருக்கும். அதனால் டார்ட்டன் பெயரை மட்டும் எழுதினால் போதாது. ஆலையின் பெயர், துணி வரிசை, எடை, நிறவகை நான்கையும் எழுதுங்கள். நிறவகையில் மாடர்ன் என்பது அடர்ந்த சாயம். ஏன்ஷியன்ட் என்பது பழைய துணி அல்ல, வெளுத்த சாயத்தின் சாயலில் இளம் நிறங்கள். வெதர்டு பழுப்பும் சாம்பலும் கலந்தது. மியூட்டட் இவற்றுக்கு நடுவில். திரையில் பார்த்து முடிவெடுக்கவே கூடாது. கைமாதிரித் துணியைத் தபாலில் வாங்கி, பகல் வெளிச்சத்தில், கூட உடுத்தப் போகும் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கைமாதிரி வந்ததும் நெய்த ஓரத்தைப் பார்க்க வேண்டும். கில்ட்டுக்கென நெய்த துணியில் ஓரம் துணியின் மற்ற பகுதியைப் போலவே தட்டையாக, நிறம் மாறாமல் முடியும். பஞ்சுபோல் பிசிர் நீட்டினாலோ, வேறு நூலில் தடித்த பட்டி ஓடினாலோ அது வேறு உடைக்கான துணி. கீழ் ஓரத்தை மடித்துத் தைக்க நேரிடும். மடித்துத் தைத்த ஓரம் மடிப்புகளின் அடியில் இரட்டிப்புக் கனமாகி, மடிப்பு கூராக விழாமல் உருளும்.

சமச்சீர் இல்லாத டார்ட்டன்கள் சில உண்டு. புக்கானன் பிரபலமான உதாரணம். சாதாரண டார்ட்டனை ஒரு நடுக்கோட்டிலிருந்து இடது பக்கம் வாசித்தாலும் வலது பக்கம் வாசித்தாலும் வரிசை ஒன்றுதான். புக்கானனில் அப்படி இல்லை. இரட்டை அகலத் துணியை நெடுக்கே பிரிக்கும்போது ஒரு பாதிக்கு நெய்த ஓரம் இடத்தில், மறு பாதிக்கு வலத்தில் இருக்கும். இரண்டுக்கும் ஓரம் கீழே வர வேண்டுமென்றால் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பியாக வேண்டும். திருப்பினால் வண்ண வரிசை எதிர்ப்பக்கம் ஓடும். புரட்டிப் போட்டுச் சரிசெய்தால் ட்வில்லின் சாய்வரி எதிர்த்திசைக்குப் போய்விடும். இப்படிப்பட்ட டார்ட்டனுக்கு ஒற்றை அகலத்தில் எட்டுக் கெஜமும் ஒரே துண்டாக நெய்த துணி கிடைக்குமா என்று தையற்காரரைக் கேட்கச் சொல்லுங்கள். தனியாக நெய்ய வேண்டியிருந்தால் குறைந்தபட்ச நீளம் எவ்வளவு, எத்தனை வாரம் என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

யார் எந்த டார்ட்டனை உடுத்தலாம் என்று பலர் தயங்குகிறார்கள். சட்டம் எதுவும் இல்லை. ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேடு 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாகி 2009 பிப்ரவரியிலிருந்து இயங்குகிறது. அதில் தேடினால் பலவற்றின் நூல் எண்ணிக்கையும், கட்டுப்பாடு ஏதும் உண்டா என்பதும் தெரியும். அரச குடும்பத்துக்குரிய பால்மோரல் போன்றவற்றை ஒதுக்கிவிடுங்கள். குலப்பெயர் இல்லாதவர்கள் பிளாக் வாட்ச் போன்ற பொது டார்ட்டனையோ, ஊர் வட்டாரப் பெயரில் இருக்கும் டார்ட்டனையோ எடுப்பது வழக்கம். கிளாஸ்கோவில் படித்தவர் கிளாஸ்கோ வட்டார டார்ட்டனை எடுத்தால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள்.

அளவெடுத்தல்

நேரில் போக முடிந்தால் போய்விடுங்கள். தையற்காரர் டேப்பைப் பிடிப்பதற்கு ஈடில்லை. முடியாவிட்டால் இன்னொருவர் எடுக்க வேண்டும். தனக்குத்தானே எடுக்கும் அளவு பயன்படாது. குனிந்து டேப்பைப் பார்த்த நொடியில் இடுப்பு மடிந்து உயரம் மாறிவிடும்.

உங்கள் பேன்ட்டின் லேபிளில் உள்ள எண்ணை மறந்துவிடுங்கள். பேன்ட் இடுப்பெலும்பில் நிற்கிறது, கில்ட் அதைவிட மேலே. லேபிள் எண்ணும் பல நிறுவனங்களில் உண்மையான சுற்றளவைவிடக் குறைவாகவே அச்சாகிறது. 34 என்று லேபிள் பார்த்து எழுதியவருக்கு டேப் 37 காட்டுவது சாதாரணம்.

மெல்லிய பனியன் மட்டும் போட்டு, பெல்ட் இல்லாமல், பை காலியாக, செருப்பில்லாமல் நில்லுங்கள். தொப்புள் மட்டத்தில் ஒரு நாடாவைக் கட்டி, அது தரைக்கு இணையாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். இதுதான் இடுப்புக் கோடு. மேல் வார் இங்கேதான் இறுகும். கில்ட்டின் மேல் விளிம்பு இதற்கும் சுமார் இரண்டு அங்குலம் மேலே போகும். அந்த இரண்டு அங்குலத்தைத் தையற்காரர் சேர்த்துக்கொள்வார், நீங்கள் சேர்க்க வேண்டாம். இருவரும் தனித்தனியே சேர்த்து, இரண்டு அங்குலம் நீண்டுபோன கில்ட்டுகள் உண்டு. தாளில் “நாடாவிலிருந்து எடுத்தது, மேல் விளிம்பு சேர்க்கப்படவில்லை” என்று எழுதிவிடுங்கள்.

இடுப்பு: நாடாவின் மேல் டேப்பைச் சுற்றி, ஒட்டினாற்போல், இறுக்காமல். மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது.

சீட்: குதிகால்கள் சேர்ந்திருக்க, புட்டத்தின் மிக அகலமான இடத்தில். டேப்பை மேலும் கீழும் நகர்த்தி எங்கே எண் அதிகமோ அதை எடுங்கள். நாடாவிலிருந்து அந்த இடம் எத்தனை அங்குலம் கீழே என்பதையும் குறியுங்கள். ஃபெல் எங்கே முடிய வேண்டும் என்பது இதிலிருந்து வருகிறது. பலர் இதை அனுப்புவதில்லை. தொப்பை முன்னே தள்ளியிருந்தால் ஏப்ரன் தொப்பையிலிருந்துதான் தொங்கும். அப்போது ஒரு நீண்ட அடிக்கோலைத் தொப்பையில் செங்குத்தாக ஒட்டிப் பிடித்து, சீட் டேப்பை அதற்கு வெளியே சுற்றி இன்னொரு எண்ணும் எடுங்கள். இரண்டையும் அனுப்புங்கள்.

உயரம்: நாடாவிலிருந்து முழங்கால் சில்லின் நடுவரை. நேராகப் பார்த்து நிற்க வேண்டும். முன்பக்கம், இரு பக்கவாட்டு, பின்பக்கம் என நான்கு இடத்தில் எடுங்கள். பின்பக்கத்தில் முழங்காலுக்குப் பின்னுள்ள மடிப்பின் மட்டம் தோராயமாகப் பொருந்தும். கில்ட் சில்லின் மேல் விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில் முடிந்தால் சரி. சில்லை முழுக்க மூடினால் நீளம். சரிபார்க்க ஒரு வழி: கடினத் தரையில் முதுகு நிமிர்த்தி மண்டியிட்டு, நாடாவிலிருந்து தரைவரை அளந்து ஓர் அங்குலத்தைக் கழியுங்கள். முதல் எண்ணும் இதுவும் ஓர் அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் எங்கோ தவறு, மறுபடி எடுங்கள்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை எடுத்து, சராசரி போடாமல் மூன்றையும் அப்படியே அனுப்புங்கள். கூடவே ஆள் உயரம், எடை, பக்கவாட்டில் எடுத்த ஒரு படம். சரிந்த முதுகும் ஒருபக்கம் உயர்ந்த இடுப்பும் எண்களில் தெரியாது, படத்தில் தெரியும். எடை குறைக்கும் திட்டத்தில் இருப்பவர் குறைத்த பிறகு வரட்டும். பக்கிளை நகர்த்தி இரண்டு அங்குலம்வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் ஏப்ரனின் நடுக்கோடு நடுவில் நிற்காது.

சீட் அளவு இறுக்கமாகிவிட்டால் அது பின்பக்கத்தில்தான் காட்டிக்கொடுக்கும்: ஃபெல் முடியும் இடத்தில் மடிப்புகள் வாய் பிளந்து, கீழே விசிறிபோல் விரியும். இஸ்திரி போட்டு இதைத் தீர்க்க முடியாது.

மடிப்பும் முன்பக்க நடுவும்

மடிப்பில் இரண்டு வழிகள் பிரதானம். செட்டுக்கு மடித்தால் பின்பக்கமும் முன்பக்கம் போலவே முழுக் கட்டமாகத் தெரியும். கோட்டுக்கு மடித்தால் ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு வந்து, பின்பக்கம் நெடுங்கோடுகளாக நிற்கும்; நடக்கும்போது உள்ளிருக்கும் நிறம் பளிச்சிட்டு மறையும். இரண்டாவது ராணுவ வழக்கம். கார்டன் ஹைலேண்டர்ஸ் படையினர் மஞ்சள் கோட்டுக்கு மடித்தார்கள்; ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் படையினர் பாக்ஸ் பிளீட்டையே விடாமல் வைத்திருந்தார்கள். எங்கள் கருத்தில், இருண்ட டார்ட்டனில் ஒரே ஒரு வெளிர்கோடு ஓடினால் அதைக் கோட்டுக்கு மடிப்பது அழகு. கோடுகள் நிறைந்த டார்ட்டனை அப்படி மடித்தால் கண்ணைக் குத்தும். தையற்காரரிடம் கைமாதிரியை இரண்டு விதமாகவும் ஊசி குத்தி மடித்துப் படம் அனுப்பச் சொல்லலாம். கொஞ்ச நேர வேலைதான், பெரும்பாலோர் செய்வார்கள்.

ஏப்ரனின் நடுவில் எந்தக் கோடு வர வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். சமச்சீரான டார்ட்டனில் திரும்புமுனைக் கோடுகள், அதாவது வண்ண வரிசை அப்படியே திரும்பி ஓடத் தொடங்கும் இடங்கள், இரண்டு இருக்கும். அவற்றில் தூக்கலானது நடுவில் வருவது வழக்கம். சொல்லாமல் விட்டால் தையற்காரர் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்வார், பிறகு குறை சொல்ல உங்களுக்கு இடமில்லை.

கைத்தையலுக்கு ஏன் அத்தனை கூலி என்பது ஃபெல்லில்தான் தெரியும். மேலே போட்ட உதாரணத்தில் சீட்டில் 21 அங்குலம் இருந்த மடிப்புப் பகுதி, இடுப்பு 34 என்றால் மேலே 17 ஆகச் சுருங்க வேண்டும். நாலு அங்குலம், 24 மடிப்புகள்: ஒவ்வொரு மடிப்பும் கீழிருந்து மேலே அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு ஒடுங்க வேண்டும், அதுவும் குறுக்குக் கோடுகள் ஒன்றோடொன்று இம்மியும் பிசகாமல். வெளியே தெரியாத சிறு தையலாக மடிப்பு மடிப்பாகத் தைத்துக்கொண்டு போகிறார்கள். தேர்ந்த கைக்கும் ஒரு கில்ட் சில முழு வேலைநாட்களை விழுங்கும்.

யாரிடம் கொடுப்பது, என்ன கேட்பது

பிரிட்டனில் அழியும் நிலையிலுள்ள கைவினைகளின் சிவப்புப் பட்டியலில் கில்ட் தையலும் இருக்கிறது. தனியாகத் தைப்பவர்கள் குறைவு, வரிசை நீளம். கல்யாணத் தேதி இருந்தால் ஆறு மாதம் முன்பே பேசுங்கள். துணி தனியாக நெய்ய வேண்டியிருந்தால் இன்னும் முன்னால்.

“கையால் தைத்தது” என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் எந்தெந்தத் தையல் கையால் என்று கேளுங்கள். ஃபெல், ஏப்ரன் ஓரங்கள், இடுப்புப் பட்டி, லைனிங், வார்கள் எல்லாம் கையால் தைப்பவரும் உண்டு. வெளியே தெரியாத ஓரிரு இணைப்பை மட்டும் மெஷினில் போடுபவரும் உண்டு. பின்னவரிடம் தவறில்லை. ஃபெல்லை மெஷினில் தைத்துவிட்டுக் கைவேலை என்று விலை சொல்வதுதான் தவறு.

உள்பக்கப் படம் கேளுங்கள், லைனிங் போடுவதற்கு முன் எடுத்தது. மடிப்புகளுக்குப் பின்னால் கேன்வாஸ் ஓட வேண்டும். மேலே மடிப்புகளைக் குறுக்காகப் பிணைக்கும் தையல் வரிசையும் இருக்க வேண்டும். வார் இறுகும்போது இழுவிசை முழுவதையும் இவை தாங்குகின்றன. இல்லாவிட்டால் இழுவிசை ஃபெல் தையலில் விழுந்து, சில வருடத்தில் மடிப்புகள் ஒவ்வொன்றாகப் பிரியத் தொடங்கும். உள்ளே கனம் குறைய ஃபெல்லின் பின்பக்க உபரித் துணியை வெட்டி எடுப்பார்களா என்பதையும் கேளுங்கள். வெட்டினால் உடம்போடு ஒட்டி நிற்கும், ஆனால் பிற்காலத்தில் வேறு மடிப்புமுறைக்கு மாற்ற முடியாது.

ஆர்டர் தாளில் இவை எழுத்தில் வர வேண்டும்: ஆலை, துணி, எடை, நிறவகை, எத்தனை கெஜம், மடிப்பு முறை, கோடு என்றால் எந்தக் கோடு, ஏப்ரன் நடுக்கோடு, அளவுகளும் அவை எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதும், வார் இரண்டா மூன்றா, மிச்சத் துணி யாருக்கு, முன்பணம், மீதி, தேதி, அளவு பொருந்தாவிட்டால் யார் செலவில் திருத்தம். கடைசியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். நேரில் அளவெடுத்தவர் தன் பொறுப்பென்பார். நீங்கள் அனுப்பிய அளவென்றால் பொறுப்பு உங்களுடையது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் சண்டை இல்லை.

முன்பணம் துணிச் செலவைத் தாண்டி மொத்தத்தில் பாதிவரை இருப்பது நியாயம். பிரிட்டனில் தூரத்திலிருந்து வாங்கும் பொருளுக்கு 14 நாள் ரத்து உரிமை உண்டு என்றாலும், ஒருவரின் அளவுக்கே செய்த பொருளுக்கு அது பொருந்தாது. மனம் மாறியதற்காகப் பணம் திரும்பாது. சொன்னபடி இல்லாமலோ பழுதாகவோ வந்தால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி கேட்கலாம். அதற்குத்தான் அந்த எழுத்து.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவருக்கு வாட் வரியில் ஒரு கணக்கு. வாட் பதிவு உள்ளவர் நேராக உங்கள் நாட்டுக்கு அனுப்பினால் 20 சதவீத வரியை விலக்கிவிடலாம். உங்கள் நாட்டுச் சுங்க வரி வேறு. கடையிலேயே வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டு விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறும் திட்டம் ஸ்காட்லாந்து உட்பட கிரேட் பிரிட்டனில் 2021 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனியாகத் தைப்பவர் பலருக்கு வாட் பதிவே இருக்காது. அவரிடம் கழிக்க ஒன்றுமில்லை, பேரம் பேச வேண்டாம்.

பெட்டி வந்ததும்

மடிப்புகளின் குறுக்கே வெள்ளை நூலோட்டம் போட்டு அனுப்புவார்கள். அதை உடனே பிரிக்காதீர்கள், முதலில் சோதனை. கில்ட்டை மேசையில் பின்பக்கம் மேலாக விரித்து, ஃபெல்லில் ஒரு குறுக்குக் கோட்டைப் பிடித்து இடமிருந்து வலம் கண்ணால் ஓட்டுங்கள். படிக்கட்டுபோல் ஏறி இறங்கினால் தையல் பிசகு. நெடுக்கில் மடிப்பு விளிம்புகள் ஒரே சீராக ஒடுங்க வேண்டும். ஒன்று அகலம், அடுத்தது ஒடுக்கம் என்று வரக்கூடாது. துணியின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தைத் தேடுங்கள். அங்கே கீழ் ஓரத்திலிருந்து குறுக்குக் கோடுகள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆலை இரண்டு ஓரத்தையும் ஒரே மாதிரி நெய்யாவிட்டால் இங்கே தெரிந்துவிடும்.

பிறகு நூலோட்டத்தோடே உடுத்துங்கள். உள் ஏப்ரனின் வார் இடப்பக்கத் துளை வழியாக வெளியே வந்து மாட்டும். மேல் ஏப்ரனின் வார்கள் வலப்பக்கம். கண்ணாடி முன் நேராக நின்றால் நடுக்கோடு தொப்புளிலிருந்து செங்குத்தாக இறங்க வேண்டும். ஏப்ரனின் கீழ்மூலை வெளியே உதைத்துக்கொண்டு நின்றால் ஏப்ரன் வெட்டில் கோளாறு. உள் ஏப்ரன் அடியில் எட்டிப் பார்க்கக் கூடாது. அதன் முனையை அரை அங்குலம் போல ஏற்றித் தைப்பது அதற்காகத்தான். இன்னொருவர் பின்னால் நின்று, கீழ் ஓரம் தரைக்கு இணையா, மடிப்புகள் மூடியிருக்கின்றனவா என்று பார்க்கட்டும். குறை இருந்தால் நூலோட்டத்தைப் பிரிக்காமல், நேர்வெளிச்சத்தில் படம் எடுத்து, அன்றே தையற்காரருக்கு எழுதுங்கள். ஒருமுறை வெளியே உடுத்திவிட்ட பிறகு பேச்சு கடினமாகும்.

எல்லாம் சரியென்றால் நூலோட்டத்தைப் பிரித்து, ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். கில்ட் பின்னை மேல் ஏப்ரனில் மட்டும் குத்த வேண்டும். இரண்டு ஏப்ரனையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும். உட்காரும் முன் பின்பக்க மடிப்புகளைக் கையால் தடவிச் சேர்த்து உட்காருங்கள்.

டிரை கிளீனிங் வருடத்துக்கு ஒன்றே அதிகம். கறையை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணி பிரஷால் நீவிவிட்டால் போதும். நனைந்தால் வார்களைப் பூட்டி, நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். ஹீட்டர் மேல் போடாதீர்கள். மடிப்பு மங்கினால் முதலில் நூலோட்டம் போட்டுப் பிடித்து, ஈரத்துணி விரித்து, இஸ்திரியை இழுக்காமல் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். நூலோட்டம் இல்லாமல் இஸ்திரி போட்டால் பழைய மடிப்புக்குப் பக்கத்திலேயே புது மடிப்பு விழும், பிறகு இரண்டும் போகாது. நாள்கணக்கில் எடுத்து வைப்பதென்றால் நெடுக்காகச் சுருட்டி ஒரு பழைய ஸ்டாக்கிங்கில் நுழைத்துவிடலாம். அந்துப்பூச்சிக்கு வியர்வை பட்ட கம்பளி பிடிக்கும், ஆகவே நீவாமல் உள்ளே வைக்க வேண்டாம். மிச்சத் துணியையும் அதே பெட்டியில் வையுங்கள். காலுறைப் பட்டைக்கும் ஆகும், என்றாவது அந்து அரித்த ஓட்டையை நெய்து அடைக்க அதே சாயத்தில் நூல் வேண்டுமென்றால் அதிலிருந்துதான் உருவ வேண்டும்.